போனவை மட்டும்

அழித்ததைத் திரும்பக் கேட்பவர்கள்
பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல்தான் வருவார்கள்.
செக்காலை ரோட்டில் வெயில் கொஞ்சம் இறங்கிய பிறகு,
டோக்கன் எடுக்காமல்,
கூட்டம் கலையட்டும் என்று
போன் கவர் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியையே பார்த்தபடி.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்
மனைவியின் எண்ணுக்குப் பட்டியல் கேட்டார்.
சிம் யார் பெயரில் இருக்கிறதோ
அவர்தான் வரவேண்டும் என்றேன்.
"அவளையே கூட்டிட்டு வந்து கேக்கிறதுக்கு
நீ எதுக்குய்யா?"
போய்விட்டார்.
சீட்டுப் பணத்தில் ஏமாந்த இன்னொருவர்
'நாளைக்குத் தருகிறேன்' என்ற
ஒற்றைக் குறுஞ்செய்திக்காக நான்கு முறை வந்தார்.
எல்லாருக்கும் ஒரே பதில்தான்:
எப்போது, எந்த எண்ணுக்கு, அது இருக்கும்.
என்ன சொன்னீர்கள் என்பதை
நாங்கள் வைத்துக்கொள்வதில்லை.

உண்ணாமலை ஆச்சி பள்ளத்தூரிலிருந்து வந்தார்.
ஆதார், நகல், நகலின் நகல்
எல்லாம் ஒரு நகைக்கடைப் பையில்.
கேட்டது ஒரே ஒரு ராத்திரி.
போன வருஷம் ஐப்பசி பதினெட்டு;
இங்கிலீஷுக்கு நவம்பர் நாலு என்று
அவரே சொன்னார்.

அன்று அப்பச்சி ஆஸ்பத்திரியில்.
மதுரைக்குக் கொண்டுபோகலாமா என்று
தம்பி சாத்தப்பன் கேட்டிருக்கிறான்.
பட்டன் போன்காரன், குறுஞ்செய்திதான்.
"நீதானே வேண்டாம்னே" என்கிறான் அவன்.
"நான் பதிலே போடல" என்கிறார் இவர்.
பதினாலு மாசமாக
ஒரே கல்யாணத்தில்
வேறு வேறு பந்தியில் சாப்பிடுகிறார்கள்.
கோபத்தில் மொத்தத்தையும் அழித்துவிட்டாராம்.
"நான் ஒண்ணும் சொல்லலேன்னு
ஒரு பேப்பர் கொடுங்க. போதும்."

சென்னைக்கு எழுதி
ஒன்பதாம் நாள் வந்தது.
ஆச்சி, இதில் வந்தவை இருக்காது,
போனவை மட்டும்தான் என்றேன்.
"அதுதானே வேணும்."
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

இரவு 11.52. தம்பி எண். குறுஞ்செய்தி ஒன்று.
11.53. ஒன்று.
11.53. இன்னும் ஒன்று.

ஒரே நிமிஷத்தில் இரண்டு.
கோபத்துக்கும் கெஞ்சலுக்கும்
எங்கள் கட்டணம் ஒன்றுதான்.

வரியின்மேல் விரல் வைத்தார்.
அடுத்த வரிக்கு நகர்த்தினார். மறுபடி மேலே.
"மூணா?" என்றார்.
பிறகு, பக்கத்தில் வேறு யாரோ இருப்பதுபோல்,
"அப்படி என்ன சொன்னேன்?"

மின்விசிறிக்குத் தாள் ஓரம் படபடத்தது.
"அவன் போன்ல இருக்குமா?"
அழிக்காமல் இருந்தால் இருக்கும்.
"அப்போ அவன்கிட்டதான் கேக்கணுமா?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை,
படிவமும் இல்லை.

தாளை நாலாக மடித்தார்.
பிரித்தார்.
ஸ்டேப்ளர் கேட்டார்.
இருப்பது ஒற்றைத் தாள்,
எதோடு எதைச் சேர்த்து அடிப்பது?
கொடுத்தேன்.
ஓரத்தில் ஒரு பின் அடித்துக்கொண்டு
செருப்பைத் தேடி மாட்டிப் போனார்.

அடுத்த பில் ஐந்தாம் தேதி போய்விட்டது.
சாத்தப்பன் எண்ணின் கடைசி நாலு இலக்கம்
எனக்கு இன்னும் மறக்கவில்லை.
வாடிக்கையாளர் வந்து கேட்காமல்
திறக்கக் கூடாது என்பது விதி.
உண்ணாமலை என்ற பெயரின்மேல்
அம்புக்குறி கொஞ்ச நேரம் நிற்கிறது.

டோக்கன் நாற்பத்தொன்று.
சிம் தொலைந்தவர்
வாங்க.