குற்றியலுகரம்

ஓல்ட்டன் ரயில் சந்திப்புக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில் என் பழைய பியானோ.
நாலு பேர் தூக்கி வந்ததில்
படிக்கட்டுச் சுவரில் ஒரு கீறல்;
அதற்கு நூற்று நாற்பது பிராங்க் கட்டினேன்.

அதில் நான் வாசிப்பது
பியானோவை நினைத்தே எழுதாத ஒருவரின்
சாரபாண்ட்.
மெல்ல என்றோ உரக்க என்றோ
ஓரிடத்திலும் குறிப்பில்லை.
சில சுரங்களின் தலைமேல் மட்டும் ஒரு நெளி.
மேலிருந்து தொடங்குவதா, கீழிருந்தா?
மூன்று பதிப்பு வாங்கினேன்.
மூன்று அடிக்குறிப்பு.

தெரியாத இடத்தில் பெடலை மிதித்துவிடுவேன்.
குளியலறைக் கண்ணாடிபோல் ஆவி படியும்,
முகமும் தெரியாது, தப்பும் தெரியாது.

பிப்ரவரியில் தபால் பெட்டியில் ஒரு சீட்டு.
கீழ்வீட்டு எல்வீரா ஷெரர், இரவுப் பணி நர்ஸ்:
"வாசியுங்கள். உங்கள் பெடல் மட்டும்
என் தலைக்கு மேல் இடிக்கிறது."

கோபம்தான்.
காலைத் தூக்கி
நாற்காலிக் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டேன்.

வறண்டு போனது வீடு.
ஒவ்வொரு சுரமும் எங்கே முடிகிறதென்று
அன்றைக்குத்தான் கேட்டது.
இத்தனை வருடம்
தொடங்குகிற இடத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

கடல் என்கிறோம், அகம் என்கிறோம், தங்கம் என்கிறோம்.
ஒரே க.
எந்த க எப்படி ஒலிக்குமென்று
எழுத்து சொல்வதில்லை,
அக்கம்பக்கம் சொல்கிறது.

காடு, ஆறு, நாக்கு.
கடைசி உகரம் தாளில் முழுசு,
வாயில் பாதி.
உதடு குவியுமுன்பே விட்டுவிடுகிறோம்.
யாரும் பெடல் போட்டுக்
காடூ என்று இழுப்பதில்லை.

இடது கைச் சுரங்களை அப்படி விட்டுப் பார்த்தேன்,
எழுதியதைவிட ஓர் இமை முன்னதாக.
விட்ட இடத்தில் கொஞ்சம் வெளிச்சம்.
அதில் நடுக்குரல் தலைகாட்டியது:
இரண்டு வருடமாக என் விரலடியில் இருந்தும்
நான் விசாரிக்காத ஓர் ஆள்.

ஹார்ப்சிகார்டில்
அறைந்தாலும் தடவினாலும் ஒரே சத்தம் என்பார்கள்.
என் கட்டைக்கோ கோபமும் தெரியும், கெஞ்சவும் தெரியும்.
தெரிந்ததைத் தெரியாததுபோல் நடிப்பதும்
பொய்தானே?
பதினேழாம் கட்டத்தில் சுண்டுவிரல் கொஞ்சம் அழுத்துகிறது.
திருத்தவில்லை.

வியாழன் எனக்குத் துவைக்கும் நாள்.
நிலவறையில் எல்வீரா,
இயந்திரத்தில் மறந்துபோன காலுறை தேடி வந்தவள்,
திரும்பிப் பாராமல் கேட்டாள்:
"செவ்வாய்க்கிழமை அந்த நடுக்கத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?
வரும் வரும் என்று காத்திருந்ததில்
தூக்கமே போயிற்று."

"இரண்டாம் முறைக்கு வைத்திருந்தேன்" என்றேன்.
பொய். நாலாவது விரல் வரவில்லை.
இரண்டாம் முறையும் வாசிக்கவில்லை.

நாளை அவள் ஏழு மணிக்கு வந்து படுப்பாள்.
பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை
கட்டடமே மௌனம், விதி.
ஒன்று முப்பத்தொன்றுக்கு,
காலுறையோடு,
மேல் சுரத்திலிருந்து.