நாலு ஐம்பது

செவ்வாய், வியாழன், சனி.
வண்டிப்பாளையத்தில்
தெருநாய்களும் குரைக்கச் சோம்பும் நேரம்.
அல்லிமுத்து ஹாரன் அடிப்பதில்லை.
எதிர்வீட்டில் கைக்குழந்தை.
அது பிறப்பதற்கு முன்பும் அடித்ததில்லை.
ஹெட்லைட்டை ஒருமுறை அணைத்துப் போடுவார்;
என் சமையலறைச் சுவரில்
எவர்சில்வர் தட்டுகள் கண் திறந்து மூடும்.
மணி நாலு ஐம்பது.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று
டாக்டர் சொன்ன அன்று
தம்பி ராஜவேலு ஆஸ்பத்திரி வராந்தாவில்
எல்லோரும் பார்க்க அழுதான்.
"என் கிட்னியை எடுத்துக்கோக்கா,
ரெண்டையும் எடுத்துக்கோ."
நர்ஸுக்கே கண் கலங்கியது.
பிறகு அவன் போன்
தொடர்பு எல்லைக்கு வெளியே போனது.
ஒரே ஒரு தீபாவளிக்கு உள்ளே வந்தது.
குறை சொல்லவில்லை. அவன் அழுதது நிஜம்.
நிஜமான அழுகைக்கும்
ஆயுள் ஒரு மத்தியானம்தான் போலிருக்கிறது.

அல்லிமுத்து அழவில்லை.
"வாரத்துக்கு மூணு நாள்.
விடியறதுக்குள்ள மஞ்சக்குப்பம் போயாகணும்"
என்று நான் சொன்னபோது
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
"சரிங்க" என்றார்.
அந்த ஒரு சொல்லை
நாலு வருஷமாகச் செலவழிக்கிறார்.
இன்னும் தீரவில்லை.

சுரங்கப்பாதை நிரம்பிய வாரம் சுற்றிக்கொண்டு போனார்.
துறைமுகத்தில் ஐந்தாம் எண் கூண்டு ஏற்றிய அன்று
பின்பக்கப் படுதாவைத்
துணி காயப்போடும் கயிற்றால் கட்டியிருந்தார்.
பேச்சு கிடையாது.
திரும்பும்போது மட்டும், கெடிலம் பாலம் ஏறுகையில்,
"மெதுவாப் போறேன்."
ஊசி போட்ட கை குலுங்கக் கூடாதென்று
அவருக்கு யார் சொன்னார்களோ.

பக்கத்துக் கட்டில் சாதிக் பாட்சா
மாசத்துக்கு ஒரு ஆட்டோ மாற்றுகிறார்.
"உங்க ஆளோட நம்பரைக் கொடுங்களேன்" என்பார்.
தேடித் தருகிறேன் என்பேன்.
இன்றுவரை தேடவில்லை.

உண்மையைச் சொன்னால் சில நாள் சலிப்பாக இருக்கும்.
ஒருநாளாவது இந்த மனுஷனுக்கு
டயர் பஞ்சராகக் கூடாதா,
போர்வைக்குள் இன்னொரு மணி நேரம்
யார் மேலாவது பழியைப் போட்டுப்
படுத்துக் கிடக்கமாட்டேனா என்று.

போன ஐப்பசி, ஒரு வெள்ளி ராத்திரி
மூச்சு முட்டியது.
நூற்றியெட்டில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்.
போன் அலமாரி மேலேயே கிடந்தது.
குழாய்களுக்கு நடுவில்
சனிக்கிழமை என்று ஒன்று வந்துபோனதே
எனக்குத் தெரியாது.

எதிர்வீட்டுப் பெண்தான் பிறகு சொன்னாள்.
லைட் அணைந்து எரிந்ததாம்.
மறுபடி அணைந்து எரிந்ததாம்.
ஐந்தேகால் வரைக்கும்.
அப்புறம் ஹாரன்.
கையை எடுக்காமல், நீளமாக.
"பாப்பா எழுந்துடுச்சுக்கா.
திட்டலாம்னு வெளிய வந்தேன்.
அவர் நின்ன நிலையைப் பார்த்து
உள்ள போயிட்டேன்."

வீடு திரும்பி, முதல் செவ்வாய்.
தட்டுகள் கண் திறந்து மூடின.
ஏறி உட்கார்ந்தேன்.
வண்டியை எடுக்கவில்லை.
கண்ணாடி வழியாகப் பார்த்து,
"அன்னிக்கு நீங்க வரல" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"சொல்லியிருக்கலாம்."

கோபம்தான் அது.
நாலு வருஷமாக
வருகிறவர் அவர், ஏறுகிறவள் நான் என்றே
கணக்கு வைத்திருந்தேன்.
பையோடும் உயிரோடும்
கேட்டருகே நான் நின்றதை
இன்னொருவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

இப்போது ராத்திரியே
நாளைக்குக் குடிக்கிற எழுநூறு மில்லியை
அளந்து வைத்துவிடுகிறேன்.
உப்பு டப்பா பக்கம் போவதில்லை.
நாலு நாற்பதுக்கே படி இறங்கிவிடுகிறேன்.
வளைவில் வெளிச்சம் திரும்பும்போது,
அது அணைவதற்கு முன்னால்,
கேட்டுத் தாழ்ப்பாளை ஒருமுறை தட்டுகிறேன்,
அவருக்குக் கேட்கும்படி,
குழந்தை விழிக்காதபடி.