பதினேழாம் அறையின் பங்காளிகள்

அடுத்த மாதம் மேன்ஷனை இடிக்கிறார்களாம்.
மேனேஜர் போனில் சொன்னார்:
"உங்க நாலு பேரோட ரெக்கார்டுப் பெட்டி
மாடிப்படிக்கு அடியிலயே கெடக்கு.
வந்து தூக்கிட்டுப் போயிடுங்க."

முப்பத்தியோரு தட்டுகள்.
பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில்
சம்பளம் வந்த மறுநாள் மறுநாளாக
ஆளுக்குக் கால் பங்கு போட்டு வாங்கியவை.
எது யாருக்கு என்று
அன்று யாரும் எழுதி வைக்கவில்லை.
பங்காளிச் சண்டைக்கு அது போதாதா?

ரத்னா கஃபேயில்
சாம்பாருக்குள் இட்லி முங்கிக்கொண்டிருந்தது.
"பீட்டில்ஸ் எனக்கு" என்றான் சம்பந்தம்,
யாரோ தூக்கி வைத்திருக்கும்
தன் பிள்ளையைத் திருப்பிக் கேட்பதுபோல.
"அவங்க இல்லேன்னா மத்தவன் எவனும் இல்ல."

"அதுக்காக?
அப்பன் இருந்தா புள்ள பெரியவனாகக் கூடாதா?"
இது டெரன்ஸ்.
ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில்
லெட் செப்பலின் கேட்டு மீசை முளைத்தவன்.
டிரம்ஸுக்கு அவனிடம் ஒரே அளவுகோல்தான்:
ராத்திரி சரக்கு வண்டி பாலத்தில் ஏறுகிற சத்தம்.
அதை மிஞ்சினால் பேண்ட்.
மிஞ்சாவிட்டால் பஜனை.

நிஜாம் அவசரப்படவில்லை.
பெரியமேட்டுத் தோல் மண்டியில் கணக்கெழுதியவன்,
தடவிப் பார்க்காமல் எதற்கும் விலை சொல்லமாட்டான்.
பிங்க் ஃபிளாய்ட் உறையை
முன்னும் பின்னும் திருப்பினான்,
மூலையில் கரையான் அரித்திருந்ததை ஊதினான்.
"வாசிக்காம விட்ட இடத்தையும் வாசிச்சது
இவங்க மட்டும்தான்பா."

எனக்கு டீப் பர்ப்பிள்.
காரணம் கேட்காதீர்கள்.
காரணம் சொல்லத் தெரிந்திருந்தால்
நான் வக்கீலாகியிருப்பேன்,
குமாஸ்தாவாகவே ரிட்டயர் ஆகியிருக்கமாட்டேன்.

குரல் ஏறியது.
பக்கத்து மேசைக் குழந்தை
தோசையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தது.
குயீன் பெயரை யாரோ எடுத்தார்கள்,
யாரோ "அது நாடகம்" என்றார்கள்,
"நாடகம்னா மட்டமா?" என்று
சம்பந்தம் எழுந்தே நின்றுவிட்டான்.
(கடலூரில் அவன் அப்பா
ராஜபார்ட் கட்டியவர். எங்களுக்கு மறந்துவிட்டது.)
ரோலிங் ஸ்டோன்ஸ் தட்டு ஐந்து இருந்தது.
யாரும் கேட்கவில்லை.
ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி
நடுவில் அது பாட்டுக்குக் கிடந்தது.

"சும்மா கத்தாதீங்கடா, கேட்டுட்டுப் பேசுவோம்"
என்று டெரன்ஸ் போனை எடுத்து
சம்பந்தத்தின் தட்டிலிருந்தே ஒரு பாட்டைப் போட்டான்.
தம்ளருக்குள் போனை நிறுத்தினால்
சத்தம் கொஞ்சம் கூடும்.
நான்கு தலைகள் கவிந்தன.

அந்தத் தட்டில் ஒரு கீறல்.
நிஜாமின் டிபன் கேரியர்
அலமாரியிலிருந்து விழுந்த நாளில் வந்தது.
மூன்றாவது பாட்டு, இரண்டாவது சரணம்,
ஊசி துள்ளும்;
ஒரு வரியை அப்படியே தாண்டிப் போய் உட்காரும்.
பதினோரு வருஷம்
அந்தத் துள்ளலுக்குத்தான் தலையாட்டினோம்.

இப்போதும் அந்த இடம் வந்தது.
நான்கு தலைகளும் துள்ளின.
பாட்டு துள்ளவில்லை.

வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று,
நாங்கள் ஒருநாளும் கேட்டிராத ஒரு வரிக்குள்.
வேறு யார் வீட்டுக் கதவையோ
தவறித் திறந்துவிட்டதுபோல்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"சுமாராத்தான் இருக்கு" என்றான் டெரன்ஸ்.
"நம்மளது நல்லாயிருந்துச்சு" என்றான் சம்பந்தம்.
நிஜாம் மட்டும்
டிபன் கேரியருக்காக
இத்தனை வருஷம் கழித்து ஒரு தரம் சிரித்தான்.

சர்வர் பில்லை வைத்தார்.
நாலாய்ப் பிரித்தோம், பழக்க தோஷம்.
பெட்டியைப் பிரிக்க மனசு வரவில்லை.
ஆளுக்கு மூன்று மாதம் வைத்துக்கொள்வது என்று
கைகழுவும் இடத்தில் முடிவாயிற்று.
ரெக்கார்டு பிளேயர்
யார் வீட்டிலும் இல்லை என்பதை
யாரும் சொல்லவில்லை.

வாசலில் ஆட்டோவை நிறுத்தினேன்.
பெட்டியின் ஒரு முனையை டெரன்ஸ் பிடித்தான்,
மறுமுனையை சம்பந்தம் விடவில்லை.

"முதல் மூணு மாசம் யாருக்கு?"

ஆட்டோக்காரர்
எஞ்சினை அணைத்தார்.