ஐந்து மீட்டர்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
நீகாட்டா மாகாணம் இருக்கிறது:
கடலோரமாக ஒருக்களித்துப் படுத்த உடம்பு,
கோபித்துக்கொண்டு தள்ளிப்போன சாதோ தீவு,
தெற்கே, விரல் வைத்தால் குளிரும் மலைகள்.
சாலைப் பராமரிப்புப் பிரிவில் எட்டு வருடம்.
மலைகளின் பெயரை மறந்துவிடுவேன்,
எதில் எத்தனை சென்டிமீட்டர் பனி என்று கேளுங்கள்.

நாகானோவில் சிக்குமா என்று ஓடுகிற ஆறு
எல்லை தாண்டியதும் ஷினானோ ஆகிவிடுகிறது.
பெயர் மாற்றத்துக்கு அது
எந்தப் படிவமும் நிரப்பியதில்லை.

நிரப்பியவர் தெராஷிமா. மலைச்சாலையில் முடிதிருத்தகம்.
பதினோராவது விண்ணப்பம், அதே கையெழுத்து:
"உங்கள் பனிவண்டி உங்கள் கல்வரை வந்து திரும்புகிறது.
நாகானோ வண்டி அதன் கல்வரை வந்து திரும்புகிறது.
நடுவில் ஐந்து மீட்டர்.
என் கடைவாசல் அங்கேதான் இருக்கிறது."

பிப்ரவரியில் நாடாவோடு போனேன்.
அந்தப் பக்கத்திலிருந்து உசாமி என்றொருவர்
தன் நாடாவோடு வந்திருந்தார்.
எனக்கு ஐந்து மீட்டர் இருபது.
அவருக்கு நாலு தொண்ணூறு.
இடுப்பளவு பனியில் நின்று
ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கினோம்,
தொப்பியில் இருந்தது கொட்டியது.

"உள்ளே வாருங்கள், வணக்கம் உறைந்துவிடும்"
என்றார் தெராஷிமா, மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு.
அடுப்பருகே ஏற்கெனவே இரண்டு வண்டி ஓட்டுநர்களும்
ஒரே தட்டில் ஊறுகாய் தின்றுகொண்டிருந்தார்கள்.
நாற்காலி மூன்று, ஆள் நாலு.
முடிவெட்டும் நாற்காலி எனக்கு வாய்த்தது.
உட்கார்ந்தவரைச் சும்மா விடுவது
அவர் தொழிலில் இல்லை போலும்.
கத்தரி ஓடுகிறவரை
எல்லையைப் பற்றி யாரும் பேசவில்லை.
உசாமியின் மகளுக்குப் பல் விழுந்த கதை,
டீசல் விலை.
முன்முடி ரொம்பக் குட்டையாகிவிட்டது.
ஆய்வறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

கிளம்பும்போது நாகானோ ஓட்டுநர் ஹொரிகோமே
தன் கல்லைத் தாண்டினார்.
கத்தியை உயர்த்தவில்லை.
ஐந்து மீட்டரும் வாரிக்கொண்டு வந்து
எங்கள் கல்லருகே நிதானமாகத் திரும்பினார்.
மறுநாள் எங்கள் வண்டி.
அதற்கு மறுநாள் அவர்.

மாத இறுதியில் மேலாளர் கேட்டார்:
மூன்று லிட்டர் டீசல் ஏன் கூடுதல்?
"திரும்ப இடம் போதவில்லை" என்று எழுதினேன்.
உசாமியும் அதையேதான் எழுதினாராம்,
எங்கள் இரண்டு மாகாணமும்
வார்த்தை பிசகாமல் ஒத்துப்போன
முதல் ஆவணம் அதுவாக இருக்கலாம்.

பதினோராவது விண்ணப்பம்
இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.
முடித்துவைத்தால்
எப்படி முடிந்தது என்று கேட்பார்கள்.