விபூதிப் புதனுக்கு முந்தின செவ்வாய்

என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர்
மைக்ரோவேவுக்காக வருகிறார்கள்.
மீதிப்பேரும் அதற்காகத்தான் வந்ததாகச் சொல்வார்கள்.
கதவில் 'ஆன்மிகப் பணி' என்று பலகை.
சுவருக்கு அப்பால் விளையாட்டுக் கூடம்;
எந்தச் செபத்துக்குள்ளும் ஒரு பந்து துள்ளும்.

அன்று ஸ்காபரோவில் சைபருக்குக் கீழே பத்தொன்பது.
வாகனத் தரிப்பிடத்தில்
ஏழு தீக்குச்சி கிழித்தும் ஓலை பிடிக்கவில்லை.
ஆகவே சமையல் வகுப்பறை.
காலையில் பான்கேக் சுட்டிருந்தார்கள்,
மேசையெல்லாம் மேப்பிள் பாகு.
பராமரிப்பாளர் அடெலினோ காற்றாடியை முடுக்கிவிட்டு,
"நான் இங்கே இல்லை" என்றார்.

கறுப்புப் பையில் போன வருடத்துக் குருத்தோலைகள்.
சிலுவைக்குப் பின்னால் செருகிக் கிடந்தவை,
கார்க் கண்ணாடியில் தொங்கி வெளிறியவை,
மளிகைக் கடை ரசீதோடு சுருண்ட ஒன்று.
பையின் அடியில்
ஓலையில் பின்னிய வெட்டுக்கிளி.

பூசை நடுவே அதைப் பின்னியவனை எனக்குத் தெரியும்.
"ஜோமார், கையைச் சும்மா வை" என்று
வாங்கு வாங்காகத் தாண்டிப்போய் அதட்டியவள் நான்தான்.
நவம்பரில் அவன் பெட்டிக்கு முன்னால் நின்று
வாசகம் படித்தவளும்.

அதை மட்டும் எடுத்து மேசையில் வைத்தேன்.
மற்றவை ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டன.
பிறகு மணி.

ஆயிரத்து நூறு பேர் பனியில்,
கோட்டு இல்லாமல்,
ஒருத்தரின் கைக்குள் மற்றவர் கையை விட்டபடி.
வகுப்பு வகுப்பாகப் பெயர் கூப்பிட்டார்கள்.
மிஸ் கவனாவின் கையில்
செப்டம்பரில் அச்சிட்ட பட்டியல்.
விறைத்த விரல், படபடக்கும் தாள்,
அவர் பார்க்காமலே வாசித்துவிட்டார்:
"ஜோமார் பெர்னால்."

பனியை உதைத்துக்கொண்டிருந்த கால்கள் நின்றன.

கடைசியில் தர்மிகன்தான்,
தினமும் என் அறையில் நூடில்ஸ் சுடவைக்கிறவன்,
காய்ச்சலில் படுத்தவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னான்:
"அவன் வரமாட்டான், மிஸ்."
அவர் கோடு போடப் பார்த்தார்.
குளிரில் மை இறங்கவில்லை.
பேனா முனையை வாயருகே வைத்து
ஊதினார், ஊதினார்.

மூன்று மாதமாக வட்டமாகக் கதிரை போட்டு,
மெழுகுதிரி ஏற்றி, டிஷ்யூப் பெட்டி நகர்த்தி
இந்த அமைதியில் கால்வாசியை
நான் உண்டாக்கியதில்லை.

என்ன எரித்தீர்கள் என்று கேட்டார் தீயணைப்புக்காரர்.
"போன வருடத்து ஞாயிறு ஒன்றை."
அவர் படிவத்தில் 'சமையல்' என்று எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது வெட்டுக்கிளி
பாகில் ஒட்டிக்கொண்டு நின்றது.
வைத்துக்கொள்ளலாம்.
அவன் அம்மாவிடம் கொடுக்கலாம்;
கொடுத்து, எப்படிக் கிடைத்தது என்று சொல்லலாம்,
அதட்டியதையும்.
அடெலினோ எதுவும் கேட்காமல் ஏணியில் ஏறி
புகைமணிக்கு ஒரு ரப்பர் கையுறையை மாட்டினார்.
ஐந்து விரலும் உப்பி,
கூரையிலிருந்து யாரோ ஆசீர் தருவதுபோல் இருந்தது.
சிரித்துவிட்டேன். சிரித்தபடியே கொளுத்தினேன்.
பாகு பட்ட கால் கடைசியாகத்தான் கருகியது.

புதன், இரண்டாம் பாடவேளை.
கட்டைவிரல், நெற்றி. கட்டைவிரல், நெற்றி.
தர்மிகனும் வரிசையில் வந்தான்.
"வீட்டில் நாங்கள் குறுக்கேதான் பூசுவது.
உங்களது நெடுக்கவும் போகுமா?"
"போகும்."
யோசித்தான். "சரி, போடுங்கோ."

எல்லாருக்கும் பின்னால் மிஸ் கவனா.
நீ மண்ணாயிருக்கிறாய் என்று தொடங்க வாய் திறந்தேன்.
அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.
விரலை மட்டும் வைத்திருந்தேன்,
வரிசையில் வேறு யாருக்கும் வைக்காத அளவு நேரம்.
"இனிப்பு மணக்கிறதே" என்றார்.
"பான்கேக் சட்டி" என்றேன்.
தவக்காலத்தின் முதல் பொய்.

மதியம் மைக்ரோவேவ் முன்னால் பதினான்கு நெற்றிகள்.
எதில் வெட்டுக்கிளி என்று எனக்கும் தெரியாது.
யாருடைய நூடில்ஸோ பொங்கி வழிந்து
யார் துடைப்பது என்று சண்டை.