அனுமதியின்றி

'அனுமதியின்றி' என்ற சொல்லுக்கு அடியில்
இரண்டு கோடு போட்டார் வக்கீல் சகாயமேரி.
சட்டம் அதன்மேல்தான் நிற்கிறதாம்.
தகவல் தொழில்நுட்பச் சட்டம், நாற்பத்து மூன்று: நட்ட ஈடு.
அறுபத்தாறு: மூன்று வருடம் வரை,
அல்லது ஐந்து லட்சம், அல்லது இரண்டும்.
"சாவியைக் கொடுத்தது நீங்கள்தானே?
எப்போது திரும்ப வாங்கினீர்கள்? தேதி வேணும்."

தேதி இல்லை.
சோலைராஜ் போனது ஒரு செவ்வாய்க்கிழமை.
பனகல் சாலையில் எங்கள் ஒற்றை அறையில்
டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
"இனி வரமாட்டேங்க்கா" என்றான்.
கடவுச்சொல்லை மாற்ற எங்களில் எவருக்கும் தெரியாது.
மாற்றத் தெரிந்தவன்
படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

பதினோராம் நாள் ராத்திரி
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பேர் காணாமல் போனார்கள்.
செல்லூர்த் தறிக்காரர்கள்,
திருப்பாலைக் கல்லூரிப் பிள்ளைகள்,
மாட்டுத்தாவணி கண்டக்டர்கள் பதினேழு பேர்;
எந்த நேரமும் கூப்பிடுங்க என்று
வகையும் எண்ணும் தந்தவர்கள்.
மிச்சம் ஒரே பெயர்.
நா. சோலைராஜ், பி நெகடிவ், அவன் செல் நம்பர்.

திமிர் என்றார் பொருளாளர் துளசிராம்.
சாட்சியம் என்றார் வக்கீல்.
"தொடாதீங்க. அப்படியே படம் எடுங்க.
எந்த மெஷினில் எடுத்தது, யார் எடுத்தது,
சான்றிதழில் கையெழுத்து வேணும்."

இடைக்காலத் தடை கேட்கலாமா என்றேன்.
தளத்தின் பெயர் யார் பேரில் இருக்கு என்றார்.
அவன் பேரில்.
வீடு நாங்கள் கட்டினோம், பட்டா அவனுக்கு.
வருடம் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய், மூன்று வருடம்
அவன் கையிலிருந்து போயிருக்கிறது.
ரசீதுகள் துளசிராமின் ஃபைலில் இருந்தன,
'பார்த்து முடிவு செய்யவும்' என்ற குறிப்போடு.
வக்கீல் அதையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டார்.
முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

முதலில் நோட்டீஸ், பதிவுத் தபாலில்.
விலாசம்?
ஹீமோகுளோபின் பதினாலு புள்ளி இரண்டு,
எடை அறுபத்தொன்று,
ஊசியைப் பார்க்காமல் ஃபேனைப் பார்ப்பான்.
தெரு தெரியாது.
நா. என்பது நாகுவா நாச்சியப்பனா,
அதுவும் தெரியாது.

சைபர் கிரைம் ஸ்டேஷனில் ஒரு கட்டம் இருந்தது:
நட்டம், ரூபாயில்.
எஸ்.ஐ. பேச்சிமுத்து பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.
சனிக்கிழமை ராத்திரி உசிலம்பட்டிப் பெண் ஒருத்தி,
பிரசவம், ஓ நெகடிவ் இரண்டு யூனிட்.
பழக்கத்தில் பக்கத்தைத் திறந்தேன்,
பிறகு மூடினேன்.
ஞாபகத்திலிருந்தும் பழைய டைரியிலிருந்தும்
முப்பத்தொரு பேரைக் கூப்பிட்டேன்.
மூன்றே முக்காலுக்கு மேலூரிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார்,
அவர் மச்சினன் பின்னால் உட்கார்ந்திருந்தான்.
அவள் பிழைத்துக்கொண்டாள்.
ஆகவே அந்த ராத்திரியை
எந்தத் தொகையில் போடுவது?

"ஏதாவது போடுங்கம்மா,
காலியா விட்டா திருப்பி அனுப்பிருவாங்க."

பெரியாஸ்பத்திரி ரத்த வங்கி வழியாகத் திரும்பினேன்.
பதிவேடு மேசைமேல் திறந்து கிடந்தது.
நேற்று சாயங்காலம், ஆறு பத்து:
பி நெகடிவ், ஒரு யூனிட்,
குழந்தைகள் வார்டுக்கு.
எங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் யாரோ
கூப்பிட்டிருக்க வேண்டும்.
கூப்பிட இருந்தது ஒரே நம்பர்.
கோணல் எழுத்தில் அவன் கையெழுத்து.
மேலே, கொடையாளர் கட்டாயம் நிரப்ப வேண்டிய இடத்தில்
தகப்பன் பெயர் நாட்ராயன்.
ஆரப்பாளையம், தெரு,
கதவிலக்கம்.

கொஞ்ச நேரம் நின்றேன்.
புகார் மனு பைக்குள்தான் இருந்தது.
நர்ஸ் டீ குடிக்கப் போயிருந்தார்.
அவர் வருவதற்குள்
எழுதி முடித்துவிட்டேன்.