மறுகா வரும்

பவுசர் செவ்வாயில் வரும் என்பார்கள்.
வியாழனில் வரும். சிலவேளை
போன கிழமைத் தடம் மட்டும் கிடக்கும்.

இப்போது குடும்பிமலைக்குப் போற வழியில்
ஆறு சோலார்த் தகடு. அடியில் குழாய்க்கிணறு.
ஒரு மயில் குந்தினால் போதும்,
நிழல் விழுந்து நீர் நூலாகிவிடும்.
டிலக்சன் கைதட்டிக் கலைப்பான்.

நீர்ச்சங்கப் பொருளாளர் நான்.
வீட்டுக்கு மாதம் நூற்றைம்பது.
கொப்பியில் ஏழு பேர் பாக்கி;
ஒருத்தி என் மச்சாள்.

மார்கழியில் வெள்ளம் படலைக்குள் வந்தது.
ஆறு நாள் சூரியன் இல்லை.
முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு
சனம் வெறுங்குழாயைத் திருகியது.
“மறுகா வரும்” என்றேன்,
கடன்காரி சொல்வதைப்போல.

ஏழாம் நாள் பத்து மணிக்கு
மேகம் ஓரிடத்தில் கிழிந்தது.
குழாய் இருமி,
காற்றைத் துப்பி,
துருநிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிவாய்.

மச்சாள் இரண்டு கான் நிரப்பினாள்.
இடுப்பு முடிச்சிலிருந்து முன்னூறு எடுத்தாள்,
மூன்றும் ஈரத் தாள்.
காயவைக்க இடம் தேடினேன்.
ஊரில் காய்ந்த இடம்
தகடு மட்டும்தான்.

கிட்டப் போனேன்.
மயிலைக் கலைப்பதுபோல்
டிலக்சன் கைதட்டினான்.